முள் இறங்கும் நாட்கள்

மணிமுத்துவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குப் போகிற வீட்டில் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு, அதில் ஆள் பேர் வருகிற இடத்தையெல்லாம் மனதுக்குள் அடித்துவிடுவார். மருமகள் டேப்பைச் சரியாக மூடவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் லைனில் கை வைத்துவிட்டான் என்று யாராவது ஆரம்பித்தால், மருமகளும் பக்கத்து வீட்டுக்காரனும் போய், ஒரு டேப்பும் ஒரு லைனும் மட்டும் அவரிடம் மிஞ்சும். இதை நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு பயம்தான். எப்படி வந்த பயம் என்பது போகப்போகத் தெரியும்.

வயது நாற்பத்தொன்பது. தென்காசியில் குழாய், மோட்டார், வெந்நீர் சிலிண்டர் வேலை. வீட்டில் எல்லோரும் இலஞ்சிப் பக்கம் நெல் வயலில் நின்றவர்கள். இவர் ஒருவர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் குற்றாலத்து லாட்ஜ்களில் குழாய் பார்க்கப் போனார். சீசன் காலத்தில் ஐந்தருவியிலிருந்து மெயின் அருவி வரைக்கும் எந்த லாட்ஜில் எந்த அறையில் எந்த டேப் ஒழுகும் என்று அவருக்குத் தெரியும். பேச்சு கம்மி. மொபெட்டை நிறுத்தும்போதே காது வேலையை ஆரம்பித்துவிடும். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே அது தண்ணீரைத் தள்ளுகிறதா, சும்மா சுற்றுகிறதா என்று சொல்லிவிடுவார்.

ஆனி மாதக் கடைசியில், சாரல் விடாமல் பிடித்திருந்த ஒரு திங்கட்கிழமை காலையில் மேலகரத்திலிருந்து வல்லிநாயகம் போன் செய்தார்.

"என்னவே மணிமுத்து, நீரு மாட்டுன சிலிண்டர்ல காத்து எறங்குதுவே."

"காத்து எறங்காது அண்ணாச்சி. தண்ணி ப்ரஷர் எறங்கும்."

"எதுவோ ஒண்ணு எறங்குது. என்னைய மடையனாக்கணும்னே எறங்குது. வந்து பாரும்."

வல்லிநாயகம் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பதில் பேர் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு பார்ப்பதற்குக் கையெழுத்து இல்லாமல் போயிற்று, பார்க்கிற கண் மட்டும் அப்படியே இருந்தது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், கேபிள்காரர் சேனலைக் குறைக்கிறார், எதிர்வீட்டு நாய் வேண்டுமென்றே இவர் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரைக்கிறது. இதெல்லாம் அவர் கண்டுபிடித்தவை. பால் விஷயத்தில் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. அதுதான் சங்கடம். பத்துச் சந்தேகத்தில் ஒன்று பலித்துவிட்டால் மற்ற ஒன்பதையும் விட மனசு வராது.

வீட்டின் பின்பக்கச் சுவரில் அந்தச் சிலிண்டர் இருந்தது. மகள் ஸ்ரீவித்யா பெங்களூரிலிருந்து வற்புறுத்தி வைக்கச் சொன்ன நூறு லிட்டர் வெந்நீர் சிலிண்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மணிமுத்துதான் மாட்டினார். மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெந்நீர் வேகமாக வர வேண்டும் என்று அதனோடு ஒரு சிறிய பம்ப். பச்சைத் தண்ணீர் மட்டும் பழையபடி மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கி வந்தது. அந்தப் பழைய குழாய்களைத் தொட வல்லிநாயகம் விடவில்லை. சிலிண்டரின் தலையில் ஒரு வட்டமான மீட்டர். அதன் முள் இரண்டில் நிற்க வேண்டும். யாராவது வெந்நீரைத் திறந்தால் முள் இறங்கும், பம்ப் ஓடி மறுபடியும் ஏற்றிவிட்டு நிற்கும். யாரும் திறக்காமல் முள் இறங்கினால் தண்ணீர் எங்கோ போகிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு முள் இரண்டில் ஆணி அடித்தது போல நின்றது. மணிமுத்து அரைமணி நேரம் எதிரில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அசையவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் குழாயின் இணைப்புகளில் எல்லாம் பூசினார்.

"குழாய்க்கு எதுக்குவே திருநீறு?"

"சுண்ணாம்புத் தூள் பூசுவேன் அண்ணாச்சி. இந்தச் சாரல்ல அது நமுத்துப் போவுது. இது நிக்கும். உங்க நெத்தியில வேர்வை எந்தப் பக்கம் வழியுதுன்னு தெரியுதுல்லா, அதே மாதிரி இங்கன ஒரு சொட்டு கசிஞ்சாலும் கோடு விழுந்துரும்."

"சாமி காரியத்தையும் விட்டுவைக்க மாட்டீரு."

கோடு எதுவும் விழவில்லை. மேல் லைன், சமையலறை லைன், குளியலறை லைன் என்று மூன்றுக்கும் அவர் அப்போதே தனித்தனி வால்வு வைத்திருந்தார். ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். வீட்டுக்குள் போய் ஒவ்வொரு டேப்பையும் பார்த்தார். குளியலறையில் புதிதாக ஒரு கை ஷவர் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். பார்த்ததோடு சரி.

"வீட்டுல சமீபத்துல புதுசா ஏதாச்சும் மாட்டுனீங்களா அண்ணாச்சி?"

"நாங்க என்னத்த மாட்டப்போறோம்? மாடியிலதான் போன மாசம் வாஷிங் மெஷின் வந்து எறங்குச்சு." குரலைத் தாழ்த்தினார். "அதுக்கப்பறம்தான்வே இது ஆரம்பிச்சது."

மாடியில் குடியிருந்தவள் ஜாய். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஆரியங்காவுப் பக்கத்துப் பெண், தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நான்கு வருஷமாக இந்த வீட்டில்தான் இருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் பகல் டியூட்டி. புதனும் சனியும் வீட்டில் இருப்பாள்.

வியாழக்கிழமை மணிமுத்து மறுபடியும் வந்தார். மறுபடியும் முள் இரண்டில் நின்றது. வல்லிநாயகம் ஒரு நீளமான நோட்டை எடுத்துவந்து மடியில் விரித்தார். ஒரு மாதமாகத் தினமும் காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் முள் எங்கே நின்றது என்று எழுதியிருந்தார். அழகான, சாய்வில்லாத கையெழுத்து. மணிமுத்துவுக்கு உண்மையிலேயே மதிப்பு வந்தது. இருபத்தைந்து வருஷத்தில் எந்த வீட்டுக்காரரும் அவருக்கு இப்படி ஒரு நோட்டைக் காட்டியதில்லை.

"நல்லாப் பாரும். திங்கள் ரெண்டு. செவ்வா ரெண்டு. புதன், காலையில முக்கால். வியாழன் ரெண்டு. சனி, அரைக்கும் கீழ. நாலு மணிக்கு எல்லா நாளும் ரெண்டு. பம்ப் பத்து நிமிஷத்துக்கு ஒருக்க உர்ருன்னு எந்திரிக்குது. ஒரு வாரம் தவறல. புதனும் சனியும் யாருவே வீட்டுல இருக்கா?"

"நீங்களும் மைனியும் எல்லா நாளும் இருக்கீங்களே." வல்லிநாயகத்தின் மனைவியை மணிமுத்து மைனி என்றுதான் கூப்பிடுவார்.

"எங்களச் சொல்லலவே! மேல இருக்காளே, அவளச் சொல்லுதேன். அன்னைக்குத்தான் அவளுக்கு லீவு. வெந்நிய எங்கயோ கொண்டுபோறா."

"கொண்டுபோயி என்ன செய்வாவ அண்ணாச்சி? வெந்நிய விக்கவா முடியும்?"

வல்லிநாயகம் சிரிக்கவில்லை. நோட்டை மூடினார். "நீரு ஒண்ணு செய்யணும். மேல் போர்ஷன்லதான் கசிவுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும். சும்மா காலி பண்ணச் சொன்னா நாலு பேரு நாலு பேசுவான். மெக்கானிக் குடுத்த எழுத்து இருந்தா வாய் அடைஞ்சுரும். ஆடி பொறக்குறதுக்குள்ள அவ போயிரணும். ஆடி பொறந்துட்டா வீடு மாற முடியாதும்பா, ஆவணி வரைக்கும் உக்காந்துருவா."

ஆடி பிறக்க எட்டு நாள் இருந்தது.

"நான் இன்னும் கசிவையே பாக்கலையே அண்ணாச்சி."

"அதான் நான் பாத்துட்டேனே!"

மணிமுத்து, முள் இறங்குகிற நாளில் தான் வந்து பார்க்க வேண்டும், சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

"சனிக்கிழமை ஆகாது. புதன், சனி நான் எண்ணெ தேச்சிக் குளிக்கிற நாளு. அன்னைக்கு வெளியாளு யாரும் வீட்டுக்குள்ள வரப்படாது. வயசு இருவதுலேருந்து இதுதான் சட்டம். அன்னைக்குப் பகல்ல கண்ணசரவும் மாட்டேன். அதனாலதான் அந்தப் பம்ப் சத்தம் காதுல விழுதே."

மணிமுத்து நோட்டின் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். தாளைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தாளில் எழுதிக் கொடுப்பது அவருக்குப் புதிதல்ல. ஒரு தடவை கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில். தொட்டித் தண்ணீர் தினமும் குறைந்தது. காவலுக்கு இருந்த மாடன் பின்பக்கக் கடைகளுக்குத் தண்ணீரை விடுகிறான் என்று மேனேஜர் சந்தேகப்பட்டார். மணிமுத்து குழாய்களைப் பார்த்தார், ஒழுக்கு எதுவும் தெரியவில்லை. "குழாயில் குறை இல்லை, ஆள்தான் தண்ணீரை எடுத்திருக்க வேண்டும்" என்று ஒரு லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். அந்த வயதில் குறை இல்லை என்று சொல்வது தன் வேலைக்குக் கிடைத்த மரியாதை போல இருந்தது. மாடனை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். சீசன் முடிந்து தொட்டியைக் காலி செய்து கழுவியபோதுதான் அதன் அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தது தெரிந்தது. அத்தனை நாளும் அங்கே அருவிச் சாரலில் தரை ஈரமாகவே கிடந்ததால் யாரும் அதைப் பார்க்கவில்லை. விரிசலை அடைத்ததும் மணிமுத்துதான். மேனேஜரிடம் விரிசலைச் சொன்னார், மாடனைப் பற்றிச் சொல்லவில்லை. மேனேஜரும் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்துப் புளியறையில், செக்போஸ்ட்டைத் தாண்டி லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாடனைப் பார்த்தார். தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். இவரை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. மணிமுத்து சாப்பிடாமலே வண்டியை எடுத்தார். அன்றிலிருந்து அந்த வழியாகப் போனால் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஜாய் டியூட்டி முடிந்து வருகிற நேரத்தில் மணிமுத்து மாடிக்குப் போனார். முன்னறையில் நான்கு அட்டைப்பெட்டிகள் கட்டியும் கட்டாமலும் கிடந்தன.

"சேட்டா, நீங்களும் என்னை செக் பண்ண வந்ததா?"

"குழாய செக் பண்ண வந்தேன்மா."

"இந்த வீட்டில குழாயும் நானும் ஒண்ணுதான்." அவள் சிரித்தாள். ஆனால் குளியலறைக் கதவைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. "பாத்ரூம் இப்போ வேண்டா. துணி ஊறப்போட்டிருக்கு."

"துணி கெடந்துட்டுப் போவுது. டேப்பத்தான் பாக்கணும்."

"வேண்டா சேட்டா. நாளைக்கு."

மணிமுத்துவுக்கு உள்ளே ஏதோ இடறியது. ஆள் பேரை அடிக்கிற அந்தப் பழக்கம் அந்த நிமிஷம் வேலை செய்யவில்லை. ஏதோ இருக்கிறது, மறைக்கிறாள், கிழவர் சொன்னது சரிதானோ என்று தோன்றியது. இப்படித் தோன்றுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. தேடுகிற வேலை முடிந்துவிட்ட சுகம் அது. அவர் நகராமல் நின்றார். ஜாய் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளிவிட்டாள்.

உள்ளே துணி எதுவும் ஊறவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி, அதன் மேல் குறுக்கே ஒரு குச்சி, குச்சியில் தொங்குகிற ஹீட்டர் கம்பி. கரண்டில் வைத்துத் தண்ணீர் சுட வைக்கிற கம்பி.

"கம்பி வைக்கக் கூடாதுன்னு அங்கிள் அக்ரிமென்ட்டில எழுதியிருக்கு. அதான் காட்டலை. ஒரு மாசமா நான் அந்த ஹாட் வாட்டர் டேப் தொடறதே இல்லை. தொட்டா பம்ப் ஓடும். ஓடினா அங்கிள் கீழே இருந்து இருமுவார். அந்த இருமல் எனக்குன்னு தெரியும். போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடலாம்னு பெட்டி கட்டறேன்."

டேப்பின் பிடி காய்ந்து கிடந்தது. அதன் வாயில் ஒரு சிலந்தி சின்னதாக நூல் கட்டியிருந்தது. மணிமுத்து விரலை நீட்டி, பிறகு தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"வாஷிங் மெஷினு?"

"அதுக்குப் பச்ச வெள்ளம்தான். ஆனா ஒண்ணு சேட்டா, என் லீவு நாளில பச்ச வெள்ளமே சூடா வரும். காலையில பத்தரை, பதினொண்ணு மணிக்கு. வெயில்ல டேங்க் சூடாவுதுன்னு நெனச்சேன்."

"ஒரு மாசமா வெயில் எங்கம்மா அடிச்சுது?"

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மலை தெரியவில்லை. மூடுபனி மாதிரி சாரல் இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே வந்து மொபெட்டைத் துடைக்கும்போது மணிமுத்து அதையே திருப்பித் திருப்பி யோசித்தார். முள் இறங்குகிறது. எங்கேயும் ஈரம் இல்லை. மொட்டைமாடித் தொட்டி குறைகிறதா என்று திங்கட்கிழமையே கேட்டிருந்தார். குறையவில்லை என்று வல்லிநாயகம் சொன்னார். அதையும் சந்தேகமாகத்தான் சொன்னார். தண்ணீர் குறையவில்லை என்றால் தண்ணீர் வெளியே போகவில்லை. வெளியே போகாமல் முள் இறங்க வேண்டுமானால், அது வீட்டுக்குள்ளேயே எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. பச்சைத் தண்ணீர் சூடாக வருகிறது. அப்படியானால் வெந்நீர் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து தொட்டிக்கே திரும்பிப் போகிறது. பம்ப் தள்ளுகிறது, தொட்டி வாங்கிக்கொள்கிறது, அதே தண்ணீரைப் பம்ப் மறுபடியும் இழுக்கிறது. யாருக்கும் ஒரு சொட்டு நஷ்டமில்லாமல் ஒரு மாதமாகத் தண்ணீர் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது எந்த இடத்தில் புகுகிறது என்பதுதான் தெரிய வேண்டும். அதற்குச் சனிக்கிழமை அந்த வீட்டுக்குள் இருந்தாக வேண்டும்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு அவர் பின்வாசலில் போய் நின்றார். வல்லிநாயகத்தின் மனைவி முத்துவடிவு கண்ணை இடுக்கிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கா வந்தீங்க? அவிய எண்ணெ தேச்சி இப்பந்தான் குளிச்சிட்டு உக்காந்திருக்காவ. கண்டா குதிப்பாவ."

"அதான் மைனி உங்க பக்கமா வந்தேன். சிலிண்டர் இருக்கது வெளியதான. நான் வீட்டுக்குள்ள வரல."

முத்துவடிவு யோசித்தாள். "மாடியில இருக்க பிள்ள இலஞ்சியில வீடு பாக்கப் போயிருக்கு. பூட்டிட்டுப் போகுறப்ப எங்கிட்ட சாவியக் குடுத்துச்சு. நாலு வருஷத்துல ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்னா அதுதான் வந்து பாக்கும்." துருவலை நிறுத்தாமல் சொன்னாள். "பாருங்க. என்னமும் சொன்னாவன்னா நான் பேசிக்கிடுதேன்."

சிலிண்டர் முன்னால் போய்க் குந்தினார். முள் முக்காலில் துடித்துக்கொண்டிருந்தது. பம்ப் உர்ரென்று எழுந்தது, இரண்டு வரைக்கும் ஏற்றியது, நின்றது. நின்ற உடனே முள் மெல்ல இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே இறங்கியது. திங்கட்கிழமையிலிருந்து கேள்விப்பட்டதை முதல்முறை கண்ணால் பார்க்கிறார்.

சத்தம் கேட்டு வல்லிநாயகம் வந்துவிட்டார். தலையில் ஈரத்துண்டு, காதுமடலுக்குப் பின்னால் இன்னும் நல்லெண்ணெய் மின்னியது. சீயக்காய் வாசம்.

"ஏலே... யாருவே உள்ள விட்டது? நான் என்ன சொன்னேன்?"

"உள்ள வரல அண்ணாச்சி. முள்ளப் பாருங்க. எறங்குது. நீங்க எழுதுனது எல்லாம் சரி."

வல்லிநாயகத்தின் கோபம் பாதியில் நின்றது. சரி என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டு வெகுநாள் ஆகிறது. "நான் சொன்னேன்லா?"

"மேல யாரும் இல்ல. பூட்டிக் கெடக்கு."

"டேப்பத் தொறந்து போட்டுட்டுப் போயிருப்பா. வேணும்னே."

மணிமுத்து மேல் லைன் வால்வைக் கடைசிவரை மூடினார். "இப்ப மேல ஒரு சொட்டு போகாது." இருவரும் முள்ளைப் பார்த்தார்கள். முள் இறங்கியது.

"வால்வு கெட்டுப்போயிருக்கும்வே. நீரு மாட்டுனதுதான."

மணிமுத்து மூடிய வால்வுக்கு அந்தப் பக்கம் குழாய் இணைப்பை ஸ்பானர் வைத்துக் கழற்றினார். குழாயில் நின்ற தண்ணீர் கொஞ்சம் கொட்டியது. பிறகு காய்ந்த வாயாக நின்றது. வல்லிநாயகம் குனிந்து அந்த வாயில் விரலைவிட்டுப் பார்த்தார். முள் இறங்கியது. பம்ப் உர்ரென்றது.

சமையலறை வால்வை மூடினார். முள் இறங்கியது.

குளியலறை வால்வை மூடினார். முள் நின்றது.

தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. முத்துவடிவு வாசலுக்கு வந்து நின்றிருந்தாள்.

"அங்கன போய்ப் பாக்கணும் அண்ணாச்சி" என்றார் மணிமுத்து. "நீங்க சம்மதிச்சா."

வல்லிநாயகம் தலையசைக்கவில்லை, ஆனால் வழிவிட்டார். மணிமுத்து காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். குளியலறைத் தரை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கை ஷவர் தன் கொக்கியில் சமத்தாகத் தொங்கியது. அதன் கழுத்தில் கட்டைவிரலால் அழுத்துகிற ஒரு பொத்தான். அழுத்தினால் தண்ணீர் நிற்கும். பொத்தான் அழுத்தியிருந்தது. கீழே சுவரில் வெந்நீர்த் திருகும் பச்சைத் தண்ணீர்த் திருகும் இரண்டுமே முழுக்கத் திறந்திருந்தன. இரண்டின் மேலும் எண்ணெய் விரல் தடம் இருந்தது, திறக்கும்போது பட்டது. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் தொட்டார். சுட்டது.

"அண்ணாச்சி, இதத் தொட்டுப் பாருங்க."

வல்லிநாயகம் தொட்டார். கையை எடுத்தார். மறுபடியும் தொட்டார்.

"இந்த ஷவர் எப்ப வந்துச்சு?"

"வைகாசிக் கடைசியில" என்றாள் முத்துவடிவு. "மாப்பிள்ள லீவுல வந்தப்ப மாட்டுனாரு. இவியளுக்குத் தோள் வலி, கப்புல மோந்து ஊத்த முடியலன்னு."

மணிமுத்து மெதுவாகச் சொன்னார். "எண்ணெக் கையில திருகு வழுக்கும். அதனால இந்தப் பொத்தான அமுக்கித் தண்ணிய நிப்பாட்டிட்டு வந்துருதீங்க. வெளிய தண்ணி வரல. ஆனா திருகு ரெண்டும் தொறந்திருக்கதுனால உள்ளுக்குள்ள வெந்நியும் பச்சைத் தண்ணியும் ஒண்ணாயிருது. வெந்நிக்குப் பம்ப் இருக்கு, பலம் ஜாஸ்தி. பச்சத் தண்ணியத் தள்ளிக்கிட்டு மேல தொட்டிக்கே போயிருது. மத்த நாள்ல நீங்க கை வழுக்காம திருகையும் மூடிருதீங்க. புதனும் சனியும் மட்டும்தான்."

"மூணு மணிக்குப் போல கால் கழுவப் போவேன்லா, நான்தான் ரெண்டையும் மூடிட்டு வருவேன்" என்றாள் முத்துவடிவு. "முப்பத்தெட்டு வருஷமா இவிய தொறக்குறதையெல்லாம் நான்தான் மூடுதேன். அது ஒரு குத்தம்னே எனக்குத் தோணல."

வல்லிநாயகம் திருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளக் கையெழுத்துகளைப் பார்த்து வளர்ந்த கண் அந்த எண்ணெய் விரல் தடத்தின் மேல் நின்றது. அது யாருடையது என்பதில் சந்தேகப்பட அவருக்கு இடமே இல்லை. வாயைத் திறந்தார். "நாலு மணிக்குத் திரும்ப ரெண்டுக்கு வந்திருமே" என்று ஆரம்பித்து, அதற்கும் பதில் தன் பக்கத்திலேயே நிற்கிறது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

"இதுல என் தப்பும் இருக்கு" என்றார் மணிமுத்து. "திங்கக்கெழமையே இந்த ஷவரப் பாத்தேன். யோசிக்கல. பச்சத் தண்ணி லைன்ல ஒரு ஒருவழி வால்வு வச்சிருந்தா இது நடந்திருக்காது. இன்னைக்கே வச்சிருதேன்."

அவர் வால்வு வாங்கிவந்து மாட்டி முடிக்க மதியம் ஒன்றரை ஆயிற்று. திருகு இரண்டையும் வேண்டுமென்றே திறந்துவிட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, சிலிண்டர் முன்னால் உட்கார்ந்தார். முள் இரண்டில் நின்றது. வல்லிநாயகம் முற்றத்தில் நாற்காலியில் இருந்தார். தூங்கவில்லை. எண்ணெய்க் குளியல் நாளில் தூங்கக்கூடாது. மடியில் நோட்டு இருந்தது, ஆனால் பேனா மூடியிருந்தது.

"அந்தத் தாளு" என்றார் கடைசியில்.

"எழுதித் தாறேன் அண்ணாச்சி." மணிமுத்து நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதினார். மேல் போர்ஷனில் கசிவு இல்லை, வால்வை மூடி இணைப்பைக் கழற்றிப் பார்த்தேன். தேதி, கையெழுத்து. காரணம் என்ன என்று எழுதவில்லை. வல்லிநாயகம் அதை இரண்டு முறை படித்தார். காரணம் இல்லாததைக் கவனித்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஜாய் நனைந்துகொண்டு வந்தாள். இலஞ்சியில் வீடு கிடைத்துவிட்டது, நாளைக்கே சாமானைக் கொண்டுபோக ஆட்டோ சொல்லிவிட்டேன் என்று முத்துவடிவிடம் சொன்னாள். முத்துவடிவு கணவரைப் பார்த்தாள். மணிமுத்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றார். போயிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் ஒரு தடவை மேனேஜரிடம் விரிசலை மட்டும் சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

"அண்ணாச்சி" என்றார். "நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?"

வல்லிநாயகம் அவரை முறைத்தார். பிறகு ஜாயைப் பார்க்காமல், முற்றத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கசிவு கீழதான்மா. எங்க பாத்ரூம்ல. உம்மேல ஒண்ணும் இல்ல."

ஜாய் நெற்றி ஈரத்தைத் துடைத்தாள். "ஒரு மாசம் அங்கிள்" என்றாள். "ஒரு மாசம் இருமினீங்க."

"ஆடி பொறக்கப் போவுது. இந்த நேரத்துல எதுக்கு வீடு மாத்திக்கிட்டு? ஆவணி வரைக்கும் இருந்துட்டுப் பாக்கலாம்."

"எங்களுக்கு ஆடி இல்லை அங்கிள்."

"எங்களுக்கு இருக்குல்லா" என்றார் வல்லிநாயகம். மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதுவும் வராது என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரிந்தது.

ஜாய் ஈரக் குடையை மடக்கினாள். "ஆட்டோக்காரனுக்குப் போன் பண்றேன். ஆனா அந்த நோட்டு இனி என் லீவு நாளைப் பார்க்கக் கூடாது. பார்த்தா, ஆடியானாலும் போவேன்." மாடிப்படி ஏறியவள் பாதியில் நின்று திரும்பினாள். "அப்புறம், ஹீட்டர் கம்பி ஒண்ணு வெச்சிருக்கேன். இன்னிக்கு எடுத்துடறேன். இதையும் எழுதிக்கோங்க."

வல்லிநாயகம் பேனாவைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார்.

மணிமுத்து மொபெட்டை எடுத்தார். இதற்காக அவரைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாளே பார்க்க வேண்டியதை ஆறாம் நாள் பார்த்தார், வெள்ளிக்கிழமை மாலை ஒரு பெண்ணின் குளியலறை வாசலில் நின்று அவளைச் சந்தேகப்பட்டார். அடுத்த வாரம் புளியறையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மோட்டார் மாட்ட வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், இடது கைப் பக்கம், மாடனைப் பார்த்த அதே கடை. வழியில் நிறுத்தி அந்தக் கடைக்காரருக்குப் போன் செய்து செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். மாடன் இன்னும் அங்கே இருப்பானா என்று கேட்க வாய் வரவில்லை. போய்த்தான் பார்க்க வேண்டும்.